பரோட்டா மாஸ்டரின் கழுத்தில் ஒரு துணுக்கு

1. முதல் நாள்

திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் பேத்தாலஜி லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் நாளே நான் ஒரு கேன்சரைக் கண்டுபிடித்தேன்.

டாக்டர் சுமங்கலா அப்போது லேபுக்குப் புதிதாக வந்திருந்தார். பின்னால் அவரே எங்கள் தலைவரானார். ஒரு ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்து, "நோக்கிப் பற, எந்தா காணுந்நது?" என்றார். பார்த்து என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். நான் கண்ணை லென்ஸில் அழுத்தி வைத்துப் பார்த்தேன். இளஞ்சிவப்புப் பரப்பின் குறுக்கே கன்னங்கரேலென்று நாலைந்து கம்பிகள். நீளமாக, நுனி வளைந்து, பார்க்கவே பயங்கரமாக இருந்தன.

"மேடம், கேன்சர். நல்லா பரவிருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. என்னை மறுபடி பார்க்கச் சொன்னார். கம்பிகள் அங்கேயேதான் இருந்தன. "கண்ணு ஒன்னு சிம்மிக்கே" என்றார். கண்ணைச் சிமிட்டினேன். கேன்சரும் சிமிட்டியது.

"அது நின்றெ கண்பீலியா, செல்வராணி" என்றார் டாக்டர். என் கண்ணிமை மயிர்.

அன்று மாலைக்குள் இந்தக் கதை சமையலறை வரை போய்விட்டது. ஒரு வாரம் கேன்டீனில் யாரைப் பார்த்தாலும் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்கள். ஆனால் அந்த வாரத்தில்தான் டாக்டர் எனக்கு நிஜமான கேன்சர் செல்லைக் காட்டிக்கொடுத்தார். சாதாரண செல்லில் நடுக்கரு சின்னதாக, உருண்டையாக, தன் இடத்தில் இருக்கும். பக்கத்துச் செல்லும் அதே அளவில் இருக்கும். தேவைக்குப் பிரியும், போதும் என்றால் நின்றுவிடும். கேன்சர் செல்லில் நடுக்கரு பெருத்து, கறுத்து, கோணல்மாணலாகக் கிடக்கும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. நிறுத்து என்ற பேச்சே அதன் காதில் விழாது. தன் அடியில் உள்ள மெல்லிய சவ்வைத் துளைத்துக்கொண்டு இறங்கும். இறங்கினால் நிணநீர்க் குழாயிலோ ரத்தக்குழாயிலோ ஏறி வேறு ஊருக்குப் போய்விடும்.

"எவிடே போயாலும் பிறந்த வீட்டு சுபாவம் முழுவன் மாறில்லா" என்பார் டாக்டர். கன்னத்தில் பிறந்த கேன்சர் கழுத்துக்குப் போனாலும் பெரும்பாலும் கன்னத்துச் செல்லின் பழக்கத்தைக் கொஞ்சமாவது காட்டும். சுரப்பியில் பிறந்தது எங்கே போனாலும் சுரப்பிபோல வளையம் வளையமாக நிற்கப் பார்க்கும். அதை வைத்துத்தான் எங்கிருந்து வந்தது என்று தேடுவோம். இந்த ஒரு பாடம் முப்பது வருஷம் எனக்குச் சோறு போட்டது. ஒரு நாள் என் மானத்தையும் வாங்கியது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2. தமிழ்க் கேஸ்

நான் பிறந்தது போனக்காடு தேயிலை எஸ்டேட்டில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். ஆகவே ஆஸ்பத்திரியில் எனக்கு நியமன உத்தரவில் இல்லாத இன்னொரு வேலையும் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த நோயாளிக்கு டாக்டர் சொல்வது புரியவில்லை என்றால், "செல்வராணியை விளிக்கு" என்று ஓ.பி.யிலிருந்து போன் வரும். கையுறையைக் கழற்றிவிட்டு ஓடுவேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு அப்படி ஒரு போன் வந்தது. போனால், சர்ஜரி ஓ.பி.யில் மேற்படிப்பு படிக்கும் ஒரு பி.ஜி. டாக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். எதிரே தடித்த புஜங்களோடு ஒருவர். சாலை பஜார் பக்கம் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர், பெயர் சுடலைமுத்து, சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். அவர் மனைவி பேச்சியம்மாள் பக்கத்தில் நின்றார். மாஸ்டருக்கு வலது கன்னத்தின் உள்பக்கம் இரண்டு மாதமாக ஆறாத புண். அதிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும், அதாவது பயாப்ஸி. மாஸ்டர் வாயைத் திறக்க மறுத்துவிட்டார். பேசுவதற்கு மட்டும் திறந்தார்.

"மேடம், கத்தி பட்டா அது ஒடம்பெல்லாம் பரவிரும்னு எங்க ஹோட்டல்ல எல்லாருமே சொல்லுதாங்க. சப்ளையர்லருந்து மொதலாளி வரைக்கும். எல்லாரும் பொய்யா சொல்லுவாங்க?"

"மாஸ்டர், ஹோட்டல்ல யாராவது டாக்டர் இருக்காங்களா?"

"டாக்டர் சாப்பிட வாராரு. பல் டாக்டரு."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒடனே பயாப்ஸி பாருன்னாரு" என்றார் பேச்சியம்மாள். "அதத்தான் இவுக எங்கிட்ட மறைச்சிட்டாக."

மாஸ்டர் மனைவியை முறைத்தார். நான் அவரிடம் புகையிலை பழக்கம் பற்றிக் கேட்டேன். அடுப்புச் சூட்டுக்குத் துணையாகப் பதினைந்து வருஷமாக அந்த வலது கன்னத்தில்தான் பொட்டலத்தை அடக்கி வைத்திருக்கிறார். "அது பல்லுக்கு நல்லதுன்னாங்க" என்றார்.

பேசிப் பயனில்லை என்று தோன்றியது. பி.ஜி. டாக்டரின் அனுமதியோடு மாஸ்டரை லேபுக்குக் கூட்டி வந்தேன். பாடம் எடுப்பதற்காக வைத்திருக்கும் பழைய ஸ்லைடுகள் இரண்டை எடுத்து, முதலில் நல்ல கன்னத்துச் செல்லை வைத்துக் காட்டினேன்.

மாஸ்டர் வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் உருட்டிருக்கான். எல்லாம் ஒரே அளவு. வரிசையா அடுக்கி ஈரத்துணி போட்டு மூடின மாதிரி இருக்கு."

அடுத்து கேன்சர் ஸ்லைடு.

"ஐயையே. இது யாரு பிடிச்ச உருண்டை? ஒண்ணு எலுமிச்சங்கா கணக்கா இருக்கு, ஒண்ணு தேங்கா கணக்கா இருக்கு. ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கெடக்கு. இவன எல்லாம் நான் கல்லுகிட்டயே விடமாட்டேன் மேடம்."

"இங்க பாருங்க, கீழ ஒரு கோடு தெரியுதா? அதுதான் தட்டோட விளிம்பு. அதையும் தாண்டி எறங்கிருச்சு. இப்படியே விட்டா கழுத்துல இருக்கற நிணநீர் முடிச்சுக்குப் போகும். நாங்க அத நோடுன்னு சொல்லுவோம். அப்புறம் நுரையீரல், ஈரல்னு எங்க வேணா போகும்."

"கத்தி வச்சதாலதானே எறங்குச்சு?"

"இல்ல மாஸ்டர். நாங்க கத்திய எடுக்கறதுக்கு முன்னாலயே எறங்கினதுதான் இது. உங்க புண்ணு என்னன்னு தெரியணும்னா ஒரு அரிசி அளவு எடுத்துப் பாக்கணும். நீங்க யோசிச்சுக்கிட்டு இருக்கற ஒவ்வொரு நாளும் அது சும்மா இருக்காது."

மாஸ்டர் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தார். முகம் வெளிறியிருந்தது. "எடுத்துக்கோங்க" என்றார். பிறகு, "ஆனா அரிசின்னா சீரக சம்பா சைசுதான், கேட்டேளா" என்று சேர்த்துக்கொண்டார்.

பயாப்ஸியில் கேன்சர் என்றே வந்தது. ஆனால் ஆரம்ப நிலை. கன்னத்தில் அந்த இடத்தையும் கழுத்தின் நோடுகளையும் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எடுத்ததெல்லாம் சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் வாளியில் எங்கள் லேபுக்கு வந்தது. இனி கேள்வி ஒன்றுதான். கழுத்துக்குப் போயிருக்கிறதா, இல்லையா? போயிருந்தால் பெரும்பாலும் ரேடியேஷன் வைப்பார்கள். எச்சில் வற்றும், நாக்கில் ருசி மாதக்கணக்கில் தெரியாது. சால்னாவில் உப்புப் பார்த்துப் பிழைக்கிற மனிதருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

3. துடைக்காத தண்ணீர்

எங்கள் வேலை இப்படி: சதைத் துண்டை மெழுகில் பதித்து ஒரு கட்டியாக்குவோம். அதுதான் பிளாக். அதை மைக்ரோடோம் என்ற மெஷினில் வைத்துச் சீவினால், வெங்காயச் சருகைவிட மெல்லிய நாடா வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள வாட்டர் பாத்தில் மிதக்கவிட்டால் சுருக்கம் நீங்கி விரியும். அதை ஸ்லைடில் ஏந்தி எடுத்துச் சாயம் ஏற்றுவோம். ஒரு பிளாக் முடிந்ததும் தண்ணீரின் மேல்பரப்பை டிஷ்யூ பேப்பரால் வழித்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முந்தின ஆளின் துணுக்கு ஏதாவது மிதந்துகொண்டிருக்கும். அதை ஃப்ளோட்டர் என்போம். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் விதியே அந்த டிஷ்யூ பேப்பர்தான்.

மாஸ்டருடையதை வெட்ட வேண்டிய அன்று பேச்சியம்மாள் லேப் வாசலில் வந்து நின்றார். ஆபரேஷன் முடிந்து மாஸ்டர் டிஸ்சார்ஜ் ஆகி, பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் இருந்தார்கள்.

"மேடம், எப்பந்தான் தெரியும்? அவுக ஒறங்கவே மாட்டேங்காக."

"நாளைக்குத் தெரிஞ்சிரும் பேச்சியம்மா. உங்களதுதான் இப்ப எடுக்கப் போறேன்."

உண்மையில் அவர்களுடைய பிளாக்குகள் மாலை வரிசையில் இருந்தன. பெண்மணியின் முகத்தைப் பார்த்துவிட்டு நான் அவற்றை முன்னால் இழுத்தேன். முந்தின பிளாக்கை வெட்டி முடித்த கையோடு மாஸ்டருடையதை வைத்துச் சீவ ஆரம்பித்தேன். நல்ல மனசோடு செய்தேன். தண்ணீரைத் துடைக்கவில்லை.

4. வளையங்கள்

மறுநாள் காலை பதினொரு மணிக்கு டாக்டர் சுமங்கலா கூப்பிட்டார்.

"செல்வராணி, பரோட்டாக்காரன்றெ நோடெல்லாம் க்ளியர். ஒன்னு மட்டும்... நீ நோக்கு."

இரட்டைத் தலை மைக்ராஸ்கோப்பில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். நோடின் ஓரத்தில், அதை ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு சின்னத் துணுக்கு. கேன்சர்தான், சந்தேகமே இல்லை. நடுக்கரு பெரிது, கறுப்பு. ஆனால் வளையம் வளையமாக நின்றது.

"கன்னத்து கேன்சர் இங்ஙனே சுரப்பி உண்டாக்குமோ?" என்று டாக்டர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். "வேறே எவிடெயோ ஒன்னு ஒளிச்சு இருக்குந்நோ? வயிறு? நுரையீரல்?" நான் வருவதற்கு முன்பே அவர் சர்ஜரி பி.ஜி.க்குப் போன் செய்திருந்தார். ஒரு நோடில் சந்தேகம், ரிப்போர்ட் தாமதமாகும், நோயாளிக்கு வேறு தொந்தரவு ஏதாவது உண்டா என்று விசாரிக்கச் சொன்னாராம்.

நேற்று மாஸ்டருக்கு முன்னால் நான் வெட்டிய பிளாக் எது? லேபுக்குப் போய் வொர்க் ஷீட்டைப் பார்த்தேன். கர்ப்பப்பை. கேன்சருக்காக எடுத்த ஒரு அம்மாவின் கர்ப்பப்பை. அதன் உள்சுவரில் உள்ளவை சுரப்பிச் செல்கள். கேன்சரானாலும் வளையம் கட்டி நிற்கும்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த இடத்தில் ஐந்து நிமிடம் நின்றேன். பிளாக்கை மறுபடி வெட்டிப் புது ஸ்லைடு போட்டு, பழையதை உடைந்துவிட்டது என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. என் சர்வீஸில் ஒரு மெமோ கிடையாது. பி.ஜி. டாக்டர்களுக்கே வாட்டர் பாத் பற்றி வகுப்பு எடுக்கிறவள் நான்.

திரும்பிப் போய்ச் சொன்னேன். "மேடம், அது மாஸ்டரோடதா இருக்காது. ஃப்ளோட்டர்னு தோணுது. அதுக்கு முந்தி வெட்டினது கர்ப்பப்பை. நான் தண்ணி துடைக்கல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இது மறைக்கான் நினக்கு தோன்னியில்லே?"

"தோணிச்சு மேடம். அஞ்சு நிமிஷம்."

"சரி. போய் வெட்டு. ஞானும் வராம்."

தண்ணீரை முழுக்கக் கொட்டினேன். வாட்டர் பாத்தைக் கழுவினேன். பிளேடை மாற்றினேன். டாக்டர் பக்கத்திலேயே நின்றார். அதே பிளாக்கை ஆழம் ஆழமாகப் பல இடத்தில் வெட்டிச் சாயம் ஏற்றினோம். நோய் நிஜமாகவே அந்த நோடில் இருந்தால் அடுத்தடுத்த வெட்டிலும் தெரிய வேண்டும். தண்ணீரில் ஒட்டிக்கொண்டதென்றால் தெரியாது. ஒவ்வொரு ஸ்லைடாகப் பார்த்தோம். ஒன்றிலும் இல்லை. அந்த அம்மாவின் ஸ்லைடை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே வளையங்கள்.

"ஒரு ஆணின்றெ கழுத்தில் கர்ப்பபாத்ரம்!" என்று டாக்டர் சிரிக்க ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்திவிட்டு ஓ.பி.க்குப் போன் செய்தார்.

ரிப்போர்ட் கேட்க ஓ.பி.க்கு வந்திருந்த மாஸ்டரிடம் பி.ஜி. டாக்டர் அதற்குள் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்ன 'சந்தேகம்' அவர் வாயில் 'கழுத்துக்குப் போயிருக்கு போல' ஆகியிருந்தது. அது மாஸ்டர் காதில் 'உடம்பெல்லாம் பரவிருச்சு' ஆகியிருந்தது. மாஸ்டர் ஓ.பி. சீட்டை மேஜைமேலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாராம்.

பேச்சியம்மாளுக்குப் போன் போட்டேன். பின்னணியில் பஸ் ஹாரன்.

"மேடம், தம்பானூர் பஸ் ஸ்டாண்டுல இருக்கோம். நாகர்கோவில் பஸ்ல ஏறிட்டோம். அங்க போயி ஊருக்கு மாறணும். இனி ஒண்ணும் வேண்டாம், வீட்ல போயிச் சாவுதேன்னு சொல்லுதாக. நான் என்னத்தச் சொல்ல..."

"பேச்சியம்மா, எறங்குங்க, ஒண்ணுமே..."

போன் கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு அணைந்துவிட்டது.

5. நாகர்கோவில் பஸ்

லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆட்டோவில் ஏறினேன். டிரைவர் என் வெள்ளைக் கோட்டைப் பார்த்து, "எமர்ஜென்சியாணோ டாக்டரே?" என்றார். ஆமாம் என்றேன். டாக்டர் இல்லை என்று திருத்தவில்லை. ஒரு சிக்னலை அவர் மதிக்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ் என்ஜினை உறுமவிட்டு நின்றது. உள்ளே ஏறினேன். நடுவில் ஜன்னலோரம் மாஸ்டர், கழுத்துக் கட்டை மறைக்கத் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கைப்பை. கண்கள் சிவந்திருந்தன. பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்.

"மாஸ்டர், எறங்குங்க. உங்க கழுத்துல ஒண்ணும் இல்ல."

கன்னத்தில் தையல் என்பதால் அவர் பேச்சு குழறியது. "விடுங்க மேடம். டாக்டரே சொல்லிட்டாரு."

"அது உங்களோடது இல்ல மாஸ்டர்."

"என் கழுத்துல இருந்தது எனக்குள்ளது இல்லாம பின்ன ஆருக்குள்ளது?"

கண்டக்டர் பின்னாலிருந்து கத்தினார்: "சேச்சி, கேறுந்நுண்டோ இறங்குந்நுண்டோ?" ஏறுகிறேனா இறங்குகிறேனா என்று கேட்கிறார். என்ஜின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நான் தொண்டை கிழியக் கத்தினேன்:

"அது ஒரு அம்மாவோட கர்ப்பப்பை!"

அதே விநாடியில் டிரைவர் என்ஜினை அணைத்தார்.

பஸ் முழுக்க நிசப்தம். என் கடைசி வார்த்தை மட்டும் ஜன்னல் கம்பிகளில் மோதிக்கொண்டிருந்தது.

"ஆருடே கர்ப்பபாத்ரம்?" என்றார் கண்டக்டர்.

"அந்த ஆளோட கழுத்துல இருந்துதாம்" என்று பின் சீட்டிலிருந்து ஒரு பெரியவர் விளக்கம் சொன்னார்.

"ஆம்பளைக்கா?" என்றது இன்னொரு குரல்.

பேச்சியம்மாள் முந்தானையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மேடம், நெசமாவா? எனக்குள்ளதையே ரெண்டு வருசத்துக்கு முன்ன எடுத்துட்டாக. இவுகளுக்கு எப்படி வந்துச்சு?"

நான் அங்கேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வாட்டர் பாத், மிதந்த துணுக்கு, துடைக்காத தண்ணீர், மறுபடி வெட்டிய ஸ்லைடுகள். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். பஸ்ஸில் இருந்தவர்கள் பாடம் கேட்பதுபோல் கேட்டார்கள். கண்டக்டர் டிக்கெட் மெஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அப்போ சேட்டனு ஒன்னுமில்லா அல்லே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். கன்னத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அக்கா, சிரிக்க வைக்காதீங்க, தையலு பிஞ்சுரும்" என்றார். அதுவரை மேடம்.

சிரிப்பு முடிந்ததும் நிஜமாகவே அழுதார். பேச்சியம்மாள் அவர் மடியிலிருந்த கைப்பையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார்.

6. படிவம்

மாஸ்டரின் எல்லா நோடுகளும் சுத்தம் என்று ரிப்போர்ட் போனது. கன்னத்தில் எடுத்த இடத்தின் ஓரங்களும் சுத்தம். டாக்டர்கள் கூடிப் பேசி, ரேடியேஷன் வேண்டாம், தவறாமல் செக்கப்புக்கு வந்தால் போதும் என்றார்கள். மாஸ்டர் இப்போதும் வருகிறார். புகையிலை இல்லை. வாய் முன்புபோல அகலமாகத் திறக்காது. பரோட்டாவைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துத்தான் சாப்பிட முடிகிறது. சால்னாவுக்கு உப்பு அவரே பார்க்கிறார்.

நான் தவறு பற்றிய படிவம் ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பி.ஜி. டாக்டரையும் ஒன்று எழுதச் சொன்னார்கள். படிவத்தில் 'நோயாளிக்கு நேர்ந்த பாதிப்பு' என்று ஒரு கட்டம். என்ன எழுதுவது என்று தெரியாமல், அடுத்த செக்கப்புக்கு வந்த மாஸ்டரிடமே கேட்டேன்.

அவர் யோசித்துச் சொன்னார்: "எழுதுங்க அக்கா. பஸ்ஸு நெறைய ஆளு முன்னால எனக்குக் கர்ப்பப்பை வந்து, அங்கயே போயிருச்சு."

அதை அப்படியே எழுத முடியாது. 'கடுமையான மன உளைச்சல், சில மணி நேரம்' என்று எழுதினேன். அந்தச் சில மணி நேரம் என்னவென்று பஸ்ஸில் அவர் கண்களைப் பார்த்த எனக்குத் தெரியும். ஒரு துணுக்கு தண்ணீரில் கொஞ்ச தூரம்தான் மிதந்தது. அதைவிட வேகமாக இரண்டு பேர் வாயும் ஒருவர் காதும் வழியாக அது உடம்பெல்லாம் பரவிய நோயாகிவிட்டது. இளம் டெக்னீஷியன்களுக்கு நான் சொல்வது இதுதான். இரக்கப்பட்டு வரிசையை மாற்றினாலும் வேலையில் ஒரு படியைக்கூடத் தாண்டாதீர்கள். தாண்டிவிட்டால் ஸ்லைடை மறைக்காதீர்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள். சந்தேகத்தைச் சந்தேகமாகவே சொல்லுங்கள்.

படிவத்தின் கடைசிக் கட்டம், 'மீண்டும் நிகழாமல் இருக்க எடுக்கும் நடவடிக்கை'. ஒவ்வொரு பிளாக்குக்குப் பிறகும் தண்ணீர் துடைக்கப்படும், துடைத்தவர் கையெழுத்திடுவார் என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டர் சுமங்கலா அதைப் படித்துப் பார்த்து, பேனாவை எடுத்து, கீழே தன் கையால் இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்:

'நோயாளிக்குப் பரிசோதனை முடிவைத் தெரிவிக்கும் ஊழியர், அவரை முதலில் பஸ்ஸிலிருந்து இறக்க வேண்டும்.'